அண்ணன் பார்க்காத ஒன்பதாம் லைன்

1

அண்ணன் இங்கே வந்து திரும்பிப் போய் நேற்றோடு ஒரு வருஷம். நான் நாள் எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்ததாக யாரும் நினைத்துவிட வேண்டாம். நேற்று வந்த ஒரு தபாலைப் பிரித்த பிறகுதான் தேதி உறைத்தது.

ஊருக்கு எழுதும் கடிதங்களில் நான் பாரிஸில் இருக்கிறேன். பதினொரு வருஷமாக அப்படித்தான். திருவாரூருக்குக் கிழக்கே உள்ள எங்கள் கிராமத்திலிருந்து கல்யாணமாகிப் புறப்பட்டபோதே எனக்கு 'பாரிஸ் வசந்தா' என்று பெயர் வைத்துவிட்டார்கள். வைத்த பெயரைக் கெடுப்பானேன் என்று விட்டுவிட்டேன். உண்மையில் நாங்கள் இருப்பது க்ரெத்தேய். பாரிஸ் முடிந்து, ஒரு ஆற்றையும் தாண்டி, எட்டாம் நம்பர் மெட்ரோ இனிமேல் போக எனக்கு இஷ்டமில்லை என்று நின்றுவிடுகிற ஊர். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் கலெக்டர் ஆபீஸ் மாதிரி ஒரு கட்டிடம். வெளிநாட்டுக்காரர்கள் தங்கல் அட்டையைப் புதுப்பிக்க வரிசையில் நிற்பது அங்கேதான். பாரிஸ்காரர்கள் ஜன்னலைத் திறந்து கோபுரத்தைப் பார்க்கிறார்கள். நாங்கள் அந்த வரிசையைப் பார்க்கிறோம்.

அண்ணனை வரவழைக்க நகராட்சியில் ஒரு சான்று வாங்க வேண்டியிருந்தது. வீடு எத்தனை சதுர மீட்டர், வருகிறவர் எங்கே படுப்பார் என்று கேட்டார்கள். ஹாலில், சோபாவில் என்றேன். சோபாவின் நீளம்? அண்ணனின் உயரத்தை மனதில் நிறுத்தி, அதற்கு மேல் ஒரு சாண் கூட்டிச் சொன்னேன். பொய் சொல்லிக் காகிதம் வாங்குவது எங்கள் குடும்பத்துக்குப் புதிதில்லை. அந்தக் கதைக்கும் வருகிறேன்.

அண்ணன் பேண்ட் போட்டுக்கொண்டு வந்து இறங்கினார். பெட்டிக்குள் கரை வேட்டி இரண்டு இருந்தன. இரண்டும் வேறு வேறு கட்சியின் கரை. திரும்பிப் போகும்போது யார் ஆட்சியில் இருப்பார்களோ, யாருக்குத் தெரியும்? வீட்டுக்கு வரும் வழியில் மெட்ரோ ஆற்றுப் பாலத்தில் ஏறியதும், பாரிஸ் இத்தோடு சரி என்று என் கணவர் பாலு வாய் தவறிச் சொல்லிவிட்டார். அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். இன்னும் எத்தனை ஸ்டேஷன் என்று கேட்டார். கடைசி ஸ்டேஷன் என்றேன்.

"அப்ப கடைமடைன்னு சொல்லு" என்றார்.

டெல்டாவுக்கு வெளியே இருப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. மேட்டூரில் திறக்கிற தண்ணீர் கல்லணைக்கு வந்து, பிரிந்து, ஆறாகி, வாய்க்காலாகி, கடைசியாக வந்து சேர்கிற இடம் கடைமடை. வந்தால் சேர்கிற இடம் என்று திருத்திக்கொள்ளுங்கள். எங்கள் ஊர் அப்படிப்பட்ட ஊர். பாலுவுக்குத் திருக்காட்டுப்பள்ளி. தண்ணீர் முதலில் போகிற தலைமடை. எதற்கும் காத்திருந்து பழக்கமில்லாத ஜனங்கள். அவர் பேருந்து நிறுத்தத்தில் நிற்பதைப் பார்த்தாலே தெரியும்.

2

அன்று சாயங்காலமே அண்ணன் வந்த காரியத்தைச் சாப்பாட்டு மேஜையில் வைத்தார். ஊறுகாய் பாட்டிலுக்குப் பக்கத்தில், பிளாஸ்டிக் உறைக்குள், ஆங்கிலத்தில் டைப் செய்த ஒரு வாக்குமூலம். என் பெயரில் இருக்கிற பதினைந்து மா நிலத்தை, அதாவது ஐந்து ஏக்கர் நஞ்சையை, நானே சொந்தச் சாகுபடி செய்து வருகிறேன் என்றும், குத்தகைக்கு யாருக்கும் விடவில்லை என்றும் அதில் எழுதியிருந்தது. தூதரகத்தில் கையெழுத்துப் போட்டு முத்திரை வாங்க வேண்டும். அந்த நிலத்தில் பயிர் செய்கிற அஞ்சலை, தன்னைக் குத்தகைதாரராகப் பதிவு செய்யச் சொல்லி தாலுகா ஆபீஸில் மனுக் கொடுத்திருக்கிறாளாம். அண்ணன் ஊர் திரும்பியதும் விசாரணை. மூன்று கடிதம் எழுதியும் நான் இதற்கு மட்டும் பதில் போடாததால் நேரில் வந்துவிட்டார்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். எங்கள் பால்கனியில் ஒரு தொட்டி இருக்கிறது. ஆறு வருஷமாக அதில் கொத்துமல்லி விதைத்து வருகிறேன். இதுவரை முளைத்ததில்லை. ஐந்து ஏக்கரில் நெல் விளைவிக்கிறவள் நான்தான்.

பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றேன். மூன்று வாரம் இருக்கிறதே என்று அவரும் விட்டுவிட்டார். உறை ஊறுகாய்க்குப் பக்கத்திலேயே இருந்தது. நாங்கள் அதைச் சுற்றிச் சாப்பிட்டோம்.

பாலு அண்ணனுக்காக ஒரு பட்டியல் தயாரித்து வைத்திருந்தார். கோபுரம், அருங்காட்சியகம், அரண்மனை, கடை வீதி. ஆபீஸில் கட்டிட வரைபடம் போடுகிறவர் ஆகையால் நேரம் போட்டுக் கோடு கிழித்திருந்தார். அண்ணன் அதை மரியாதையாக வாங்கிப் பார்த்துவிட்டு, இதெல்லாம் தலைமடை மாப்ளே என்று மடித்துத் திருப்பிக் கொடுத்தார். பிறகு மெட்ரோ வரைபடத்தை மேஜையில் விரித்தார். ஐந்து நிமிஷம் பார்த்தார். பதின்மூன்று லைன். இது பெரிய வாய்க்கால், இது கிளை, இங்கே பிரிகிறது, இது மதகு என்று விரலை ஓட்டினார். ஒன்று மட்டும் அவருக்குப் பிடிபடவில்லை. ஆற்றுக்கு ஒரு கடைசிதான். இவர்கள் லைனுக்கு இரண்டு கடைசி வைத்திருக்கிறார்கள். யோசித்துவிட்டு, நடுவில்தான் தலைமடை, இரண்டு பக்கமும் கடைமடை என்று தீர்ப்புச் சொன்னார். இந்த நகரத்தைப் பற்றிப் பதினொரு வருஷத்தில் நானே இவ்வளவு சரியாகப் புரிந்துகொண்டதில்லை.

மறுநாள் முதல், போட்டோ ஒட்டிய ஆரஞ்சு நிறப் பாஸ் ஒன்றைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தனியாகவே கிளம்பிவிடுவார். நான் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவேன். அங்கே எனக்குப் பழைய ஃபைல்களை அடுக்குகிற வேலை. பாலு ஆபீஸ். எங்கள் மகள் மீனா பள்ளிக்கூடம். பிரெஞ்சுப் பெயர்கள் அண்ணன் வாயில் நுழையவில்லை. ஸ்டேஷன்களை எண்ணிக்கொண்டே போவார். கடைசி வரை போய் இறங்கி, அந்தப் பேட்டையை ஒரு சுற்றுச் சுற்றி, ஒரு டீ குடித்துவிட்டு, எண்ணிக்கொண்டே திரும்புவார். வந்ததும் வரைபடத்தில் அந்த முனையில் நீலப் பேனாவால் ஒரு பெருக்கல் குறி. தண்ணீர் வந்ததா என்று தெரிய வேண்டுமானால் அணையில் போய்க் கேட்க மாட்டோம், கடைசி வயலில் போய்ப் பார்ப்போம் என்பது அவர் கட்சி.

சாயங்காலம் அறிக்கை. எந்த லைனில் கடைசி ஐந்து ஸ்டேஷனில் விளக்கு மங்கல், எங்கே மின்படிக்கட்டு ஓடவில்லை, எந்த இடத்தோடு பளபளப்பான செருப்புகள் இறங்கிவிடுகின்றன, எந்த இடத்திலிருந்து சிமெண்ட் ஒட்டிய செருப்புகள் மட்டும் மிச்சம். கடைமடையிலிருந்து ஏறுகிறவர்கள் எல்லாரும் தூங்குகிறார்கள் என்பது அவருடைய பெரிய கண்டுபிடிப்பு. அதிலும் பெண்கள். உட்கார்ந்த உடனே தூக்கம். எத்தனை மணிக்கு எழுந்தார்களோ பாவம் என்பார். கேட்டுக்கொண்டே நான் ரசம் ஊற்றுவேன். நானும் அந்த ரயிலில் தூங்குகிறவள்தான் என்று அவரிடம் சொல்லவில்லை.

3

நிலம் என் பெயருக்கு வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். அப்பா என் மேல் வைத்த பாசத்தால் வரவில்லை. சட்டத்தால் வந்தது.

உச்சவரம்புச் சட்டம் ஒரு முறை வந்தது. பிறகு அதையே இன்னும் குறைத்து மறுபடியும் வந்தது. உழுதவனுக்கே நிலம் என்று எங்கள் வீட்டு வெளிச்சுவரிலேயே எழுதிவிட்டுப் போனார்கள். அப்பா அதை அழிக்கவில்லை. எழுதியவர்கள் ஆளுங்கட்சி. உள்ளே உட்கார்ந்து பத்திரம் எழுதினார். ஒரு வாரத்தில் வீட்டில் எல்லாரும் மிராசுதார் ஆனோம். அம்மா, அண்ணன், நான், மன்னார்குடியில் இருந்த அத்தை, ஏற்கெனவே காலமாகிவிட்ட ஒரு சித்தப்பா. செத்தவர்கூட அந்த வருஷம் சம்பா போட்டார்.

அது வயலில் சிவப்புக் கொடி நட்டுக்கொண்டிருந்த காலம். கூலிக்குக் கூடுதலாக ஒரு படி நெல் கேட்டதற்கு மிராசுதார்கள் வெளியூர் ஆட்களை இறக்கினார்கள். போலீஸ் வரப்பில் நிற்க அறுவடை நடக்கும். எனக்குப் பதினான்கு வயது. மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பேன். என்னை வெளியே விட மாட்டார்கள். ஒரே ஒரு நாள்தான் அழைத்துப் போனார்கள். நிலத்தைப் பார்வையிட ஓர் அதிகாரி வந்த நாள்.

அன்று அஞ்சலையின் புருஷன் மாரிமுத்துவை ஒரு வேலை சொல்லி நாகப்பட்டினத்துக்கு அனுப்பிவிட்டிருந்தார்கள். நிலத்தில் நடவு நடந்துகொண்டிருந்தது. யார் சாகுபடி என்று அதிகாரி கேட்டார். இதோ, என் மகள் என்று அப்பா என்னைக் காட்டினார். நான் தாவணியும் ரிப்பனுமாக வரப்பில் நின்றேன். அதிகாரி சிரிக்கக்கூட இல்லை, எழுதிக்கொண்டார். சேற்றில் நின்ற அஞ்சலை இன்னும் கொஞ்சம் குனிந்துகொண்டாள். அவள் மாமனார் காலத்திலிருந்து அவர்கள் பயிர் செய்யும் நிலம் அது. இளநீர் குடித்துவிட்டு அதிகாரி ஜீப்பில் ஏறினார். திரும்பும்போது எனக்கு வரப்பில் கால் சறுக்கியது. அஞ்சலைதான் சேற்றுக் கையைப் புடவையில் துடைத்துவிட்டு நீட்டினாள்.

"பாத்து வாங்க சின்னம்மா, வழுக்கும்" என்றாள்.

என் நிலத்தோடு எனக்கு இருக்கிற மொத்த உறவும் இதுதான். பிறகு மாரிமுத்து இறந்துபோனான். அவள் தனியாகப் பயிர் செய்துகொண்டிருந்தாள். நான் பாரிஸ் வசந்தா ஆகிவிட்டேன்.

4

மூன்றாவது வாரம் மெட்ரோவில் வேலைநிறுத்தம். மூன்று ரயிலுக்கு ஒன்றுதான் ஓடும் என்று ரேடியோவில் சொன்னார்கள். இன்றைக்கு வீட்டில் இருங்கள் மச்சான் என்றார் பாலு. அண்ணனுக்கு அது வேலைநிறுத்தமாகவே படவில்லை. தண்ணீர் குறைந்தால் எங்கள் பக்கம் முறை வைப்பார்கள். இத்தனை நாள் இந்த வாய்க்காலுக்கு, இத்தனை நாள் அந்த வாய்க்காலுக்கு என்று. இங்கேயும் முறைதான் வைத்திருக்கிறார்கள் என்று முடிவு கட்டிவிட்டார். முறை என்று வந்துவிட்டால் கடைமடைக்குக் கண்டிப்பாக வரும், தலைமடைக்காரர்கள்தான் பயப்பட வேண்டும் என்று பாலுவைப் பார்த்துச் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினார்.

அன்று புதன்கிழமை, பள்ளிக்கூடம் கிடையாது. மீனாவைக் கூட அனுப்பினேன். மீனாவுக்குப் பன்னிரண்டு வயது. நான் தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்வாள். தமிழ் அவளுக்குப் புரியும், ஆனால் அதைப் பேசுவது அவள் தோழிகளுக்கு முன்னால் வேட்டி கட்டிக்கொண்டு நிற்பதற்குச் சமம். மாமாவோடு போக வேண்டும் என்றதும் கதவை ஓங்கிச் சாத்தினாள். பிறகு போனாள்.

ஐந்தாம் லைனின் கடைசியான பொபிஞி வரை போய்ச் சேர்ந்துவிட்டார்கள். முறை வந்தது. திரும்புவதற்கு வரவில்லை. மத்தியானத்துக்கு மேல் அந்தக் கோடியில் ரயிலே இல்லை என்று அறிவிப்புப் பலகையில் எழுதியிருந்ததை மீனா படித்துச் சொல்லியிருக்கிறாள். நடந்து போகலாம், யாரையாவது கேட்கலாம் என்று கெஞ்சியிருக்கிறாள். அண்ணன் பிளாட்பாரத்தை விட்டு அசையவில்லை. முறை நாளில் மடையை விட்டு நகர்ந்தால் அடுத்தவன் தண்ணீரைத் திருப்பிக்கொள்வான். நகராமல் நிற்கிறவனுக்குத்தான் தண்ணீர். முப்பது வருஷமாக அப்படி நின்று பயிரைக் காப்பாற்றிய மனிதர், வராத ரயிலுக்காக நாலு மணி நேரம் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அவர்களோடு இன்னொருத்தியும் நின்றிருக்கிறாள். ஆபீஸ்களைத் துடைக்கிற போர்ச்சுகல்காரி. காலை நாலு மணிக்குக் கிளம்பிப் போய், வேலை முடித்து, ஒரு வழியாக வீடு வந்து, சாயங்கால வேலைக்குப் போக வந்தவள். பையில் வைத்திருந்த ரொட்டியையும் அவித்த முட்டையையும் மூன்றாகப் பிரித்துக் கொடுத்திருக்கிறாள். கடைசியில் தன் புருஷனின் வேனை வரவழைத்து, இவர்களை க்ரெத்தேய் வரை கொண்டுவந்து இறக்கிவிட்டாள். அன்றைய சம்பளம் அவளுக்குப் போயிருக்கும்.

சாப்பாட்டு மேஜையில் அண்ணன் அன்று அதையேதான் பேசினார். முட்டையைப் பற்றி மட்டும் மூன்று தரம் சொன்னார். அவள் துடைத்து வைக்கிற ஆபீஸ் எவன் பெயரில் இருக்கிறதோ, அவனுக்கு இவள் முகம் தெரியுமா என்று கேட்டார். பிறகு, கட்டியிருந்த வேட்டியில் எந்தக் கட்சியின் கரை என்றுகூடக் கவனிக்காமல், சுவரில் எழுதுகிற மாதிரி வாசகம் ஒன்றைச் சொன்னார்.

"பாடுபடறது ஒருத்தி, பேரு ஒருத்தனுக்கு. எந்த நாட்டுக்குப் போனாலும் இதேதான் வசந்தா."

பாலு தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். மீனா அதற்குள் பிளாஸ்டிக் உறையைக் கையில் எடுத்திருந்தாள். அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் இரண்டாம் வருஷம். விரலை வைத்து ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தாள். பிறகு எங்கள் வீட்டில் மாதக் கணக்கில் கேட்காத ஒன்று கேட்டது. தமிழில் பேசினாள், மாமாவுக்குப் புரிய வேண்டும் என்பதற்காக.

"அம்மா, நீ நெல்லு போடறியா? எப்ப?"

அண்ணன் உறையை வாங்கி ஊறுகாய்க்குப் பக்கத்தில் வைத்தார். சும்மா ஒரு பேப்பர் கண்ணு என்றார். அதற்கு மேல் அவர் சாப்பிடவில்லை.

5

தூதரகம் ஒன்பதாம் லைனில் இருக்கிறது, பணக்காரர்கள் பேட்டையில். லா முயெத் ஸ்டேஷன். அண்ணனின் வரைபடத்தில் பெருக்கல் குறி விழாமல் மிச்சம் இருந்ததும் அந்த ஒன்பதாம் லைன்தான். எப்படியும் அந்தப் பக்கம் போக வேண்டியிருக்கும், காரியத்தை முடித்துவிட்டு அப்படியே கடைசி வரை போய்ப் பார்த்துவிடலாம் என்று தள்ளி வைத்திருந்தார். அவர் ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் போனோம்.

என் கைப்பையில் இன்னொரு காகிதம் இருந்தது. சாப்பாட்டு இடைவேளையில் ஆஸ்பத்திரி டைப்ரைட்டரில் நானே அடித்தது. பிரெஞ்சு மெஷினில் எழுத்துகள் இடம் மாறியிருக்கும், அதனால் வார்த்தைக்கு ஒரு தப்பு. மேற்படி நிலத்தை நான் ஒரு நாளும் பயிர் செய்ததில்லை, நான் பிறப்பதற்கு முன்பிருந்தே மாரிமுத்துவின் குடும்பம்தான் செய்கிறது, இப்போது செய்வது அவன் மனைவி அஞ்சலை. அவ்வளவுதான். ஜன்னலுக்குள் இருந்தவர், படித்துப் பார்த்துத்தானே போடுகிறீர்கள் என்று கேட்டார். ஆமாம் என்று அவருக்கு முன்னால் கையெழுத்துப் போட்டேன். முத்திரை விழுந்தது. வாழ்க்கையில் எங்கள் குடும்பத்தார் ஒருவர் வாங்கிய முதல் உண்மையான முத்திரை அதுவாகத்தான் இருக்கும்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த அண்ணனிடம் கொடுத்தேன். தன்னுடைய காகிதம் என்று நினைத்துப் பிரித்தார். இரண்டு தரம் படித்தார். சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன். போடவில்லை.

"உனக்கென்ன வசந்தா. கையெழுத்தப் போட்டுட்டு ரயில் ஏறிடுவ. நாளைக்கு அந்த வரப்புல நடக்கப்போறவன் நாந்தானே."

அதில் பொய்யே இல்லை. அந்தக் கையெழுத்தால் எனக்கு ஒரு மணி நெல் நஷ்டமில்லை. பாரிஸில் உட்கார்ந்துகொண்டு நியாயம் பேசுவதைவிட மலிவான பொழுதுபோக்கு வேறு கிடையாது. ஊரில் அவர் முகத்தில் விழிக்கப்போகும் சொந்தக்காரர்களை நான் பார்க்கப் போவதில்லை. இது எனக்கு அப்போதே தெரியும். தெரிந்தும் போட்டேன். வரப்பில் இரண்டாவது தடவை ரிப்பனோடு நிற்க என்னால் முடியவில்லை.

முத்திரையை ஒரு தரம் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"போற வழில இதக் கிழிச்சிப் போட்டுட்டா உனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாதுண்ணே" என்றேன்.

தாலுகா ஆபீஸுக்கு நேராகத் தபாலில் அனுப்பியிருக்கலாம். பாலுவும் அதைத்தான் சொன்னார். அனுப்பினால் ஊருக்கு முன்னால் அண்ணன் தோற்றவராக நிற்பார். அவரே கொண்டுபோய்க் கொடுத்தால் கொடுத்தவராக நிற்பார். இந்த வித்தியாசம் தலைமடைக்காரருக்குப் புரியாது.

அண்ணன் காகிதத்தை நாலாக மடித்து, ஆரஞ்சு பாஸுக்குப் பின்னால் சட்டைப் பையில் வைத்தார். ஸ்டேஷனில், ஒன்பதாம் லைன் கடைசி வரை போகலாமா என்று கேட்டேன். வேணாம், வீட்டுக்குப் போவோம் என்றார். மறுநாள் விமானம் ஏறினார்.

6

பிறகு ஒரு வருஷம் அவரிடமிருந்து ஒரு வரி இல்லை. நான் நாலு கடிதம் எழுதினேன். மேஜையில் ஊறுகாய்க்குப் பக்கத்தில் இருந்த இடம் காலியாக இருந்தது. அங்கே வேறு எதையும் வைக்க எனக்கு மனம் வரவில்லை. கிழித்திருப்பார் என்று சில நாள் தோன்றும். அப்படியானால் அஞ்சலையைக் கிளப்பியிருப்பார்கள். அண்ணனும் போய், நிலமும் போய், நியாயமும் போய், எனக்கு மிச்சம் ஒரு கொத்துமல்லித் தொட்டி.

நேற்றுத் தபால் வந்தது. உறையில் முகவரி அண்ணன் கையெழுத்து. பாரிஸ் என்ற வார்த்தையே இல்லை. க்ரெத்தேய், எட்டாம் லைன் கடைசி என்று பட்டவர்த்தனமாக எழுதி என் பெருமையைத் தபால்காரர் வரைக்கும் கொண்டுபோயிருந்தார். உள்ளே தாலுகா உத்தரவின் நகல். சாகுபடி செய்பவர், அஞ்சலை. நில உரிமையாளரின் வாக்குமூலத்தை அவருடைய அண்ணன் நேரில் ஆஜராகித் தாக்கல் செய்தார் என்று ஒரு வரி. அந்த வரியைப் படித்ததும் அழுதுவிட்டேன். அதை மறைப்பதற்கு ஒன்றுமில்லை.

நகலின் பின்பக்கத்தில் நீலப் பேனாவில் இப்படி இருந்தது: 'சித்தப்பா வீட்டில் யாரும் என்னுடன் பேசுவதில்லை. அஞ்சலை நாற்று விட்டிருக்கிறாள். ஆற்றில் இன்னும் தண்ணீர் வரவில்லை. அந்த ஒன்பதாம் லைனைப் பார்க்காமல் வந்தது உறுத்துகிறது. நீ போய்ப் பார்த்து எழுது.'

மீனாவைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னேன். எழுத்துக்கூட்டிப் படித்து முடித்தாள். எந்தப் பக்கத்துக் கடைசி என்று கேட்டாள், தமிழிலேயே. அதை அவர் எழுதவில்லை. நாளைக்குப் புதன்கிழமை, இரண்டு பக்கமும் போகப் போகிறோம்.